சாணக் குழிக்குள் மோட்டார் இறக்கலாமா?

கிணற்றில் ஆள் இறங்கும் முன் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பது நம் கிராமங்களில் பழைய வழக்கம். விளக்கு அணைந்தால் கீழே மூச்சுவிடக் காற்று இல்லை என்று பொருள். பாழடைந்த கிணற்றில் தேங்குவது பெரும்பாலும் கரியமில வாயு என்பதால் அங்கே இந்தச் சோதனைக்கு ஓரளவு பயன் உண்டு. ஆனால், அதே விளக்கைச் சாண எரிவாயுக் கலனின் மூடிய வெளியேற்றுத் தொட்டிக்குள் இறக்கினால் அது அணையாமல் போகலாம், குழியே பற்றிக்கொள்ளலாம்.

விளக்கு இறக்கக் கூடாது என்று சொன்னால் எல்லோருக்கும் உடனே புரிகிறது. ஆனால், அதே குழிக்குள் சாதாரண மோட்டாரை இறக்குவதும் கிட்டத்தட்ட அதே செயல்தான் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. மோட்டாரில் தீ கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான் வேறுபாடு.

மாட்டுப் பண்ணைகள் பெரிதாகி வருகின்றன. சேலம் பகுதி ஜவ்வரிசி ஆலைகள் பலவற்றில் கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுக்கிறார்கள். கலன் பெரிதானால் குடத்தில் அள்ளி ஊற்றும் வேலை நின்று, பம்ப் வந்துவிடுகிறது. கரைசலைக் கலனுக்குள் தள்ள ஒன்று, செரித்த கரைசலை வயலுக்கு அனுப்ப ஒன்று, கலக்கிவிட இன்னொன்று. இந்த மூன்றில் எதை எங்கே வைப்பது என்பதில்தான் பிரச்சினை தொடங்குகிறது.

நிறைந்த கலனும் காலியாகும் கலனும்

சாண எரிவாயுவில் ஏறத்தாழ 55 முதல் 65 சதவீதம் மீத்தேன். மீதியில் பெரும்பகுதி கரியமில வாயு. கொஞ்சம் ஹைட்ரஜன் சல்ஃபைடும் இருக்கும்; அழுகிய முட்டை நாற்றம் அதனுடையது. மீத்தேன் காற்றோடு 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருக்கும்போது மட்டுமே வெடிக்கும். 5-க்குக் கீழே எரியப் போதுமான வாயு இல்லை. 15-க்கு மேலே எரியப் போதுமான காற்று இல்லை.

இதனால், வாயு நிறைந்து நன்றாக இயங்கும் கலனின் உட்புறம் எளிதில் வெடிப்பதில்லை. அங்கே காற்றே கிடையாது. ஆபத்து இருப்பது இடைப்பட்ட நேரங்களில்: புதுக் கலனை முதன்முதலாக நிரப்பும்போது, பழுதுபார்க்கத் திறக்கும்போது, அடியில் தங்கிய மண்ணை எடுக்கக் காலி செய்யும்போது. அப்போது வாயுவின் அளவு மேலேயிருந்து கீழே இறங்கியோ, கீழேயிருந்து மேலே ஏறியோ அந்த 5-15 வரம்பைக் கடந்துதான் ஆக வேண்டும். பம்ப் அதிகம் ஓடுவதும் இதே நேரங்களில்தான் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

பம்ப் சும்மா இருக்கும் பொருளும் அல்ல. தேங்கிக் கிடக்கும் கரைசலில் வாயு சிறு குமிழ்களாகச் சிக்கியிருக்கும். கலக்கினால் அது ஒரே நேரத்தில் மேலே வரும். தீனபந்து போன்ற நிலைக்கூரைக் கலனில் கரைசலை வேகமாக இறைத்தால் மட்டம் இறங்கி, உள்ளே இருக்கும் வாயுவுக்கு இடம் கூடுகிறது, அழுத்தம் குறைகிறது. குழாய் இணைப்பில் கசிவு இருந்தால் வாயு வெளியே வருவதற்குப் பதிலாக வெளிக்காற்று உள்ளே போகும். மட்டம் நுழைவுக் குழாயின் கீழ் விளிம்பைத் தாண்டி இறங்கிவிட்டால், கலனுக்குள் இருந்த வாயு அந்தக் குழாய் வழியே கலக்குத் தொட்டிக்கு வந்துவிடும். அங்கே யாராவது பீடி பற்றவைத்துக்கொண்டு நின்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

தண்ணீர் பம்ப் செய்த வேலை

பம்ப் எப்படி வாயுவை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தள்ளிக்கொண்டு வரும் என்பதற்கு இங்கிலாந்தில் நடந்த ஒரு விபத்து நல்ல பாடம். லங்காஷயர் பகுதியில் அபிஸ்டெட் என்ற இடம். லூன் ஆற்றுத் தண்ணீரைச் சுரங்கக் குழாய் வழியாக வயர் ஆற்றுக்குக் கொண்டுபோகும் இறைப்புத் திட்டம் அங்கே இருந்தது. தங்கள் ஊரில் வெள்ளம் வருவதற்கு இந்தத் திட்டம் காரணமோ என்று ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருந்த கிராம மக்களுக்குச் சந்தேகம். அதைத் தீர்க்க, நேரில் வந்து பாருங்கள் என்று குடிநீர் நிர்வாகம் அழைத்தது. 1984 மே 23 அன்று மாலை, பணியாளர்களும் ஊர்மக்களுமாக 44 பேர் மலைச்சரிவில் நிலத்துக்குள் கட்டப்பட்டிருந்த வால்வு அறையில் கூடினார்கள். பம்புகளை ஓடவிட்டார்கள். சிறிது நேரத்தில் அறை வெடித்தது. 16 பேர் இறந்தனர்.

அங்கே சாணமும் இல்லை, எரிபொருளும் இல்லை. வெறும் ஆற்றுத் தண்ணீர். விசாரணையில் தெரிந்தது இதுதான்: பூமிக்கு அடியிலிருந்து ஊறிய தண்ணீரில் கரைந்திருந்த மீத்தேன் சுரங்கக் குழாய்க்குள் வந்திருக்கிறது. அதற்கு முன் 17 நாட்கள் இறைப்பு நடக்கவில்லை. ஒரு வால்வைத் திறந்து வைத்திருந்ததால் சுரங்கத்தில் தண்ணீர் வடிந்து வெற்றிடம் உண்டாகி, அதில் வாயு சேர்ந்துவிட்டது. பம்ப் ஓடியதும் வந்த தண்ணீர், பிஸ்டன் போல அந்த வாயுவை முன்னே தள்ளிக்கொண்டு போய் ஆட்கள் நின்ற அறையில் விட்டது. காற்றுப்போக்கி வெளியே திறக்காமல் அறைக்குள்ளேயே திறக்கும்படி கட்டப்பட்டிருந்தது. பற்றவைத்த பொறி எது என்று கடைசிவரை உறுதியாகக் கண்டுபிடிக்க முடியவில்லை.

இந்தக் கடைசித் தகவல்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பொறியைத் தேடித் தேடி ஒழிப்பதைவிட, வாயு சேரும் இடத்தில் மனிதனையும் மோட்டாரையும் நிறுத்தாமல் இருப்பது எளிது.

பொறி எங்கே இருக்கிறது?

மீத்தேன் கலவையைப் பற்றவைக்கப் பெரிய தீ வேண்டாம். வெயில் காலத்தில் நைலான் சட்டையைக் கழற்றும்போது 'சடசட'வென்று வரும் பொறிக்கே அந்த வலு இருக்கலாம்.

ஒற்றை முனை மின்சாரத்தில் ஓடும் சிறு மோட்டார்கள் பலவற்றில், வேகம் எடுத்ததும் தொடக்கச் சுற்றைத் துண்டிக்கும் ஒரு சுவிட்ச் உள்ளேயே இருக்கும். ஒவ்வொரு முறை போடும்போதும் அதில் ஒரு பொறி விழுகிறது. மோட்டார் உடலில் காற்றோட்டத் துளைகள் இருப்பதால் வாயு நேராக அந்தப் பொறி வரை போக முடியும். மும்முனை மோட்டாரில் அந்தச் சுவிட்ச் கிடையாது. ஆனாலும் இணைப்புப் பெட்டியில் தளர்ந்த ஒரு நட்டு, தோல் உரிந்த ஒரு கேபிள் போதும். ஸ்டார்ட்டரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதன் வேலையே பொறியோடு சேர்ந்ததுதான். மாட்டுக் கொட்டகைச் சுவரில், கலனின் வாயுக் குழாய்க்கு அருகிலேயே ஸ்டார்ட்டர் பெட்டியை மாட்டி வைப்பது பார்க்க வசதி. அதைவிடத் தவறான இடம் வேறு இல்லை.

இரவில் மும்முனை மின்சாரம் வந்ததும் தானாக ஓடத் தொடங்கும் ஆட்டோ ஸ்டார்ட்டர், கிணற்று மோட்டாருக்கு உதவியான கருவி. செல்போனில் போடும் ஸ்டார்ட்டரும் அப்படித்தான். ஸ்லர்ரி பம்புக்கு இந்த இரண்டும் வேண்டாம். குழியில் கரைசல் இருக்கிறதா, மூடி திறந்திருக்கிறதா, பக்கத்தில் யாராவது நிற்கிறார்களா என்று பார்க்காமல் ஓடும் பம்ப் அது.

மின்சாரம் சம்பந்தப்படாத பொறிகளும் உண்டு. சாணத்தோடு வரும் கல், ஆணி, லாடத் துண்டு ஆகியவை பம்பின் விசிறியில் அடித்தால் பொறி பறக்கும். துருப்பிடித்த இரும்பில் அலுமினியம் உரசினால் வரும் பொறி இன்னும் சூடானது. கரைசல் தீர்ந்த பிறகும் பம்ப் வெறுமனே ஓடினால் சீல் பகுதி காய்ந்து சூடேறும். கரைசல் ஒழுகுகிறது என்று கிளாண்ட் நட்டை மிகவும் இறுக்கினாலும் இதே கதைதான். கிளாண்டில் சொட்டுச் சொட்டாக ஒழுக்கு இருந்தால்தான் தண்டு குளிர்ச்சியாக இருக்கும். தேய்ந்த பேரிங்கும் சூட்டின் ஊற்று. பட்டை போட்டு ஓட்டும் பம்பில் பட்டை உரசி நிலைமின்சாரம் சேரும்.

டீசல் என்ஜின் வைத்து இறைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். என்ஜின் நிற்கும் இடத்தில் எரிவாயு பரவினால், காற்றோடு சேர்த்து அதையும் என்ஜின் இழுத்துக்கொள்ளும். திராட்டிலைத் தொடாமலே சத்தம் ஏறும், வேகம் கூடும். டீசலை அடைத்தாலும் நிற்காமல் போகலாம், ஏனென்றால் அப்போது அது வாயுவில் ஓடுகிறது. என்ஜின் தானாக வேகம் எடுக்கும் சத்தம் கேட்டால் அதை நிறுத்தப் போராடிக்கொண்டு அங்கே நிற்கக் கூடாது; எல்லோரும் விலகி ஓட வேண்டும். என்ஜினைக் கிணற்றுத் திட்டிலோ குழிக்குள்ளோ இறக்கி ஓட்டினால் அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு வேறு. அதற்கு வாசனை கிடையாது, விளக்குச் சோதனையும் அதைக் காட்டாது.

எஃப்எல்பி மோட்டார் என்றால் என்ன?

கடைக்காரர்கள் 'எஃப்எல்பி' என்று சொல்லும் ஃபிளேம் புரூஃப் மோட்டார் இப்படிப்பட்ட இடங்களுக்கானது. இதற்குள் வாயுவே புகாது என்று பலர் நினைக்கிறார்கள். புகும். உள்ளே வெடிக்கவும் செய்யலாம். ஆனால், அந்த வெடிப்பைத் தாங்கும் கனத்தில் கூடு வார்க்கப்பட்டிருக்கும். மூடியும் உடலும் சேரும் இடம் நன்கு கடைந்த, நீளமான, மிக நுண்ணிய இடைவெளி. உள்ளேயிருந்து வரும் சுவாலை அந்த இடைவெளி வழியே வருவதற்குள் குளிர்ந்துவிடும். வெளியே இருக்கும் வாயு பற்றாது. 1815-இல் ஹம்ஃப்ரி டேவி நிலக்கரிச் சுரங்கத்துக்காகச் செய்த விளக்கில், சுடரைச் சுற்றி நுண்ணிய கம்பி வலை இருந்தது. அந்த வலை செய்த வேலையும் இதுதான். நம் எரிவாயுக் குழாயில் வைக்கும் தீத்தடுப்பு வலையும் அதே குடும்பம்.

ஆக, அந்த மோட்டாரின் உயிர் இருப்பது மூடி சேரும் இடைவெளியில். காயில் கருகி மோட்டாரைக் கழற்றும்போது அதுதான் கெட்டுப்போகிறது. 'நம்ம பட்டறையிலேயே கட்டிரலாம்ணே, கம்பெனிக்கு எதுக்கு அனுப்பணும்' என்று மெக்கானிக் நல்ல மனதோடுதான் சொல்வார். மூடியைத் திறக்க உளியை வைத்து நெம்பினால் ஒரு கீறல் விழும். துருவை எடுக்க உப்புத்தாள் போட்டால் இடைவெளி கூடும். நான்கு போல்ட்டில் ஒன்று கிடைக்காமல் மூன்றோடு மூடினால், அல்லது கேபிள் நுழையும் இடத்தில் உரிய கிளாண்ட் போடாமல் துணி சுற்றி அடைத்தால், பெயர்ப்பலகை மட்டும் எஃப்எல்பி. மோட்டார் சாதாரண மோட்டார். இப்படிப்பட்ட மோட்டாரைத் தயாரிப்பாளரிடமோ, எஃப்எல்பி பழுதுபார்ப்பில் பழகிய பட்டறையிலோ கொடுப்பதே சரி.

வாங்கும்போது பெயர்ப்பலகையைப் படிக்க வேண்டும். 'எக்ஸ்' என்ற எழுத்துகள் இருக்கும். அடுத்து வரும் ஐஐஏ, ஐஐபி, ஐஐசி என்பவை எந்த வாயுக் குழுவுக்கு ஏற்றது என்பதைச் சொல்கின்றன. சுரங்கத்துக்கு வெளியே மீத்தேனுக்கு ஐஐஏ போதும். ஹைட்ரஜன் சல்ஃபைடு ஐஐபி-யில் வருகிறது. ஆகவே ஐஐபி என்று கேட்டு வாங்கினால் இரண்டுக்கும் பொருந்தும். டி1 முதல் டி6 வரையிலான குறி, மோட்டாரின் மேற்பரப்பு எவ்வளவு சூடாகலாம் என்பதற்கு: டி3 என்றால் 200 டிகிரி செல்சியஸ், டி4 என்றால் 135. ஹைட்ரஜன் சல்ஃபைடு ஏறத்தாழ 260 டிகிரியில் தானே பற்றக்கூடியது என்பதால் டி3 அல்லது அதற்கு மேற்பட்ட எண் வேண்டும். நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ எனப்படும் மத்திய அமைப்பின் ஒப்புதல் சான்று இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.

மோட்டார் மட்டும் எஃப்எல்பி என்றால் போதாது. அதனோடு வரும் மிதவை சுவிட்ச், கேபிள் இணைப்பு, பக்கத்தில் தொங்கும் பல்பு எல்லாம் அதே இடத்தில்தான் இருக்கின்றன. நீர்மூழ்கி வகை என்றால் மோட்டார் முழுவதும் கரைசலில் மூழ்கியே இருக்க வேண்டும். மட்டம் இறங்கி மோட்டார் பாதி வெளியே தெரிந்தால் குளிர்ச்சி போய்விடும், வாயுவும் சூழ்ந்துவிடும். போர்வெல் மோட்டாரைச் சாணக் குழியில் இறக்குவது எந்த வகையிலும் சரியல்ல.

பம்பே வேண்டாம் என்றால்?

இவ்வளவையும் படித்துவிட்டு எஃப்எல்பி மோட்டாருக்கு விலை கேட்கப் போகும் முன் ஒரு கேள்வி: உங்களுக்குப் பம்ப் தேவைதானா? வீட்டுக்கான 2 கன மீட்டர் கலனுக்குத் தினம் சுமார் 50 கிலோ சாணம் போதும். நாலைந்து மாடுகளின் சாணம் அது. அதற்குப் பம்ப் வேண்டியதில்லை. பெரிய கலனிலும், கொட்டகை மேட்டிலும் கலன் நடுவிலும் வயல் பள்ளத்திலும் அமையும்படி முதலிலேயே இடம் பார்த்தால் பாதி வேலையைச் சரிவே செய்துவிடும். கட்டி முடித்தபின் இதைச் சொல்லிப் பயனில்லை. விரிவாக்கப் பணியாளர்கள் கலனுக்கு இடம் குறிக்கும்போதே இதைப் பார்ப்பது நல்லது.

பம்ப் வேண்டும் என்றால், மோட்டாரைக் குழிக்கு வெளியே, தரைமட்டத்தில், கூரை மட்டும் போட்டுச் சுவர் வைக்காத இடத்தில் வையுங்கள். உறிஞ்சு குழாய் மட்டும் தொட்டிக்குள் இறங்கட்டும். கெட்டியான கரைசல் என்பதால் தண்ணீரைப் போல அதிக ஆழத்திலிருந்து இழுக்காது. வைக்கோல் புட்வால்வில் சிக்கும். முன்னால் கம்பி வலை தேவைப்படும். இந்தத் தொல்லைகளைப் பொறுத்துக்கொள்ளலாம். சிலர் பம்ப் சுலபமாக இழுக்கட்டும் என்று கலன் பக்கத்திலேயே ஒரு பள்ளம் தோண்டி மோட்டாரை அதில் வைக்கிறார்கள். காற்றைவிடக் கனமான ஹைட்ரஜன் சல்ஃபைடும் கரியமில வாயுவும் அந்தப் பள்ளத்தில்தான் போய்த் தங்கும். ஸ்டார்ட்டர், மெயின் சுவிட்ச் ஆகியவை இன்னும் தள்ளி, வாயு திறக்கும் எந்த இடத்திலிருந்தும் இருபதடிக்குக் குறையாமல் இருப்பது நல்லது. பெரிய கலன் என்றால் எதுவரை ஆபத்துப் பகுதி என்று கலனை வடிவமைத்த பொறியாளரிடம் வரைபடமாகவே கேட்டு வாங்குங்கள்.

இறைக்கும் நாளன்று முதல் வேலை, வாயுக் குழாயின் வால்வை மூடி அடுப்பையும் ஜெனரேட்டரையும் நிறுத்துவது. தொட்டி மூடியைத் திறந்து வெகுநேரம் காற்றாட விட்டபின் பம்பைப் போடுங்கள். நீங்கள் நிற்க வேண்டியது காற்று வரும் பக்கம். மட்டத்தைப் பார்த்துக்கொண்டு ஒருவர் ஸ்டார்ட்டர் அருகிலேயே இருக்கட்டும். நுழைவுக் குழாயின் விளிம்பு தெரியும் வரை இறைக்கக் கூடாது. ஓவர்லோடு ரிலே விழுந்தால், காரணம் பார்க்காமல் மீண்டும் மீண்டும் அமுக்காதீர்கள். பீஸ் கட்டையில் மூன்று இழைக் கம்பி சுற்றும் பழக்கத்தைக் கலன் பக்கம் கொண்டுவர வேண்டாம். பம்ப் அடைத்துக்கொண்டால் மெயினை நிறுத்தி, பீஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, குழாயோடு மேலே இழுத்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

பெரிய பண்ணைகளில் வாயு அளக்கும் கையடக்கக் கருவி இருந்தால் நல்லது. அதன் எண்ணைத் தவறாகப் படிப்பவர்கள் உண்டு. எரிவாயுவுக்கான திரையில் 100 என்றால் காற்றில் 100 சதவீதம் வாயு என்று பொருள் அல்ல. வெடிக்கும் கீழ் எல்லையை, அதாவது மீத்தேன் 5 சதவீதத்தைத் தொட்டுவிட்டது என்று பொருள். 20 என்று காட்டினால் 1 சதவீத மீத்தேன். அந்த எண்ணிலேயே வேலையை நிறுத்திவிட்டு விலக வேண்டும்.

மோட்டாரை எடுக்க, சிக்கிய வைக்கோலை அகற்ற, விழுந்த செருப்பை எடுக்க என்று எதற்காகவும் குழிக்குள் இறங்காதீர்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு ஆனதுமே மூக்கு மரத்துப்போகும். நாற்றம் தெரியாமல் போவதை 'வாயு போய்விட்டது' என்று எண்ணி இறங்குகிறார்கள். 500 பங்கைத் தாண்டினால் சில நிமிடங்களிலேயே மயங்கி உயிர் போகலாம். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் அவரைத் தூக்க அடுத்தவர் மூச்சுக்கருவி இல்லாமல் இறங்கக் கூடாது. மெயினை நிறுத்துவதற்கு ஸ்டார்ட்டர் வாயு சூழ்ந்த இடத்தில் இருந்தால் அதைத் தொடாமல் தூரத்தில் உள்ள மெயின் பெட்டியில் நிறுத்துங்கள். தீயணைப்புத் துறைக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108. அழைக்கும்போதே "சாண எரிவாயுக் குழி, உள்ளே ஆள் இருக்கிறார்" என்று சொல்லுங்கள், மூச்சுக்கருவியோடு வருவார்கள். போன் பேசுவதைக் குழி அருகில் நின்று செய்யாமல் விலகி நின்று செய்யுங்கள்.